உல்லேன் அம்மா

ஜூலை 13, 2020, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் யாரோ அம்மாவுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மருந்து விளம்பரம் இருக்கிறது. இன்றைக்கு நெஞ்செரிச்சல் டானிக். பொருத்தமான நாளில்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

டைரிக்கு அறிமுகம் எதற்கு? இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பெயர் ஆவுடைச்செல்வி. பிளஸ் டூ. ஊர் பாளையங்கோட்டை. அப்பா மஸ்கட்டில் பெயின்டர், ஊருக்கு வர டிக்கெட் கிடைக்கிற பாடில்லை. அம்மா சண்முகக்கனி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இப்போது கொரோனா வார்டு. அதனால் வீட்டில் புதுச் சட்டம். அம்மா பின்வாசல் வழியாக வந்து, கிணற்றடியில் குளித்துவிட்டு, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் சோற்றை அவள் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் பேசுவது போனில்.

இன்று ஆன்லைன் வகுப்பு ஆரம்பம். முதல் பாடம் தமிழ். ஞானசௌந்தரி டீச்சர் வருகைப்பதிவு எடுக்கும்போது 'பிரசன்ட் டீச்சர்' என்று சொன்னால் ஆப்சென்ட்தான் விழும். 'உள்ளேன் அம்மா' என்றுதான் சொல்ல வேண்டும். போனிலும் அதே சட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் மைக்கைத் திறந்து உள்ளேன் உள்ளேன் என்று கத்த, யார் வீட்டிலோ குக்கர் விசிலடிக்க, யாருடைய அப்பாவோ "யாருளா அது உள்ள?" என்று கேட்க, டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இனிமேல் மைக்கை மூடிக்கொண்டு தமிழில் டைப் அடித்து அனுப்ப வேண்டுமாம். "பிழையில்லாம" என்று இரண்டு தரம் சொன்னார்.

ஜூலை 15, புதன்

உல்லேன் அம்மா. உள்லேன் அம்மா. உழ்ழேன் அம்மா. ஒருத்தி 'உள்ளேண்' என்று மூன்று சுழி போட்டிருக்கிறாள். டீச்சருக்கு இன்று ரத்தக்கொதிப்பு மாத்திரை தேவைப்பட்டிருக்கும்.

பெனிட்டாவும் 'உல்லேன்' கோஷ்டிதான். ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுக்காரி, வீடு இரண்டு தெரு தள்ளி. ல, ள, ழ மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். எனக்கோ தப்பு எழுத்தைப் பார்த்தால் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி இருக்கும். உடனே போன் போட்டேன்.

"ஏட்டி, ஈருள்ளிக்கு என்ன ள போடுவ?"

"கடைல போயி ஈருள்ளி தாங்கன்னு கேக்கதுக்கு ள என்னத்துக்குட்டி?"

"அதுல வார உள்ளி இருக்குல்லா? அதே ள்ளதான் உள்ளேனுக்கும்."

"சரி. இனிமே எங்கம்மா ஈருள்ளி வெட்டும்போதெல்லாம் ஒன்ன நெனச்சு அழுதுக்கிடுதேன்."

ஜூலை 21, செவ்வாய்

பெனிட்டா சரியாக எழுதிவிட்டாள்! 'உள்ளேன் அம்மா'. கூடவே எனக்குத் தனியாக ஒரு வெங்காயப் படம். அதற்குப் பொட்டு வைத்திருந்தாள்.

ஜூலை 24, வெள்ளி

வெள்ளிக்கிழமையென்றால் அம்மா என் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். இன்று நானே தேய்த்துக்கொண்டேன். பின்பக்கம் கை எட்டவில்லை என்று சொல்ல முடியாது, எட்டத்தான் செய்கிறது. ஆனாலும் பாதியில் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

முழு ஊரடங்கு. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

மாடியில் இருக்கிற வீட்டுக்கார லில்லி அத்தை படிக்கட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறார். "தப்பா எடுத்துக்கிடாதம்மா. ஒங்கம்மா அந்த வார்டுக்குப் போயிட்டு வாராவ. துணிய கீழயே காயப்போட்டுக்கிடுங்க" என்று மேலிருந்தே சொன்னார். மார்ச் மாதம் டாக்டர், நர்சுகளுக்காக எல்லாரும் கைதட்டினார்களே, அன்றைக்குத் தாம்பாளத்தைத் தட்டியவர் இந்த அத்தை. தட்டிய கைதான் கயிறும் கட்டியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் தயிர்ச்சோற்றில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் தின்றிருக்கிறாள். அவளுக்கு ருசி தெரியாமல் போய்விட்டதோ என்று வேறு பயம். போனில் கேட்டேன்.

"ருசியெல்லாம் நல்லாத்தான் தெரியுது. கரிச்சுது. பிள்ள ஏதோ கோவத்துல இருக்குன்னு நெனச்சேன்" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது போனுக்கு முன்னாலேயே காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

இயற்பியல் வகுப்பில் எல்லாரும் வீடியோ போடச் சொன்னார்கள். கட்டத்துக்குள் என் முகம் வந்தது. யாரோ தெரியாத ஆள் நம் வகுப்புக்குள் நுழைந்துவிட்டாள் என்று ஒரு நொடி நினைத்தேன். உடனே அணைத்துவிட்டு, நெட் சரியில்லை என்றேன்.

காலையில் எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நோயெல்லாம் இல்லை. காய்ச்சல் பார்த்தேன், இல்லை. உடம்பு கட்டிலோடு சேர்த்துத் தைத்த மாதிரி கிடக்கிறது.

ஆகஸ்ட் 13, வியாழன்

பெனிட்டாவிடம் என் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். அவள் அண்ணன் போனில் என் பெயரில் நுழைந்து, என் பெயர் வரும்போது 'உள்ளேன் அம்மா' அடித்துவிடுவாள். எனக்கு இரண்டு நாள் தலைவலி, அவ்வளவுதான்.

"எங்கம்மாட்டயோ டீச்சர்ட்டயோ மூச்சு விடக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

"இதுக்குப் போயி மாதாவ இழுக்கியே."

"பண்ணுட்டி."

பண்ணினாள். அவள் மாதா மேல் பண்ணினால் தலை போனாலும் மீறமாட்டாள்.

ஆகஸ்ட் 19, புதன்

தூங்கினேன்.

ஆகஸ்ட் 26, புதன்

நான் இல்லாமலே நான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறேன். ஒருநாள்கூட லீவு இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பெனிட்டா போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாள். எடுத்தால் 'எப்படி இருக்க?' என்பாள். அதற்குப் பதில் யோசிப்பதற்குள் போன் அடித்து ஓய்ந்துவிடுகிறது. 'நல்லாருக்கேன், படிச்சுட்டிருக்கேன்' என்று மெசேஜ் போட்டேன்.

அம்மாவுக்கு இருமல். தூசி என்கிறாள்.

ஆகஸ்ட் 31, திங்கள்

தூசி இல்லை. அம்மாவுக்குப் பாசிட்டிவ். அவள் வேலை பார்த்த அதே வார்டில் அவளையே படுக்கவைத்துவிட்டார்கள். ஆம்புலன்சில் ஏறும்போது, "அரிசி டப்பாவுக்குப் பின்னால முறுக்கு இருக்கு. தீந்து போச்சுன்னு நான் பொய் சொன்னேன்" என்றாள். வேறு ஒன்றும் பேச நேரமில்லை.

எனக்கு நெகட்டிவ். ஆனாலும் வெளியே போகக் கூடாது. கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு. உள்ளே நுழையாதீர்.' எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

அந்த 'உள்ளே'யையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு ஒரு ன் சேர்த்தால் 'உள்ளேன்'. யாரும் நுழையக் கூடாத இடத்தில் இருக்கிற ஆள் என்று அர்த்தம் போல.

செப்டம்பர் 2, புதன்

லில்லி அத்தை மாடியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குகிறார். மூன்று வேளையும். இன்று சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். "ஏ பிள்ள, சூடாறுமுன்ன சாப்டு!" என்று சத்தம் வேறு. நன்றாகத்தான் இருக்கும். நல்ல வாசனை.

கிணற்றடியில் ஒரு சாம்பல் பூனை வந்துபோகிறது. இந்த வாரம் குண்டாகிவிட்டது.

செப்டம்பர் 4, வெள்ளி

அம்மா போனில் வந்தாள். ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறது.

"நல்லா இருக்கியாளா?"

"உம்."

"சாப்ட்டியா?"

"உம். நீ?"

"எனக்கென்ன, ராணி மாதிரி படுத்திருக்கேன்."

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

தலைமுடி பின்பக்கம் பாய் மாதிரி ஒட்டிப்போயிருக்கிறது. சீப்பு இறங்கவில்லை. சாயங்காலம் கிணற்றின் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தேன். குளிர்ச்சியாக இருக்கிறது. சும்மாதான்.

செப்டம்பர் 5, சனி

அம்மா போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

செப்டம்பர் 6, ஞாயிறு

இன்றும் இல்லை. வார்டு நம்பருக்குப் போட்டேன். யாரோ எடுத்து, "பாத்துச் சொல்லுதோம்" என்று வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். சும்மாதான்.

செப்டம்பர் 7, திங்கள்

இன்று நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதப்போகிறேன்.

மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி. நான் எழுந்திருக்கவில்லை. மணி நிற்கவில்லை. தீயணைப்பு வண்டி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. மாடியிலிருந்து லில்லி அத்தை, "யாருளா அது, இழவு வீடு மாதிரி" என்று கத்தினார். போய்ப் பார்த்தால் பெனிட்டா. பூப்போட்ட மாஸ்க், முகமெல்லாம் வேர்வை. ஸ்டிக்கரைத் தாண்டி எட்டிப் பார்த்தவள் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். என் தலையைப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன். என் குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது. அம்மாவின் போன் வந்து மூன்று நாளாகிறது. வார்டுக்குப் போட்ட போனைத் தவிர்த்தால், அதற்கப்புறம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"டீச்சர் கண்டுபிடிச்சிட்டாங்கட்டி."

"எப்படி?"

"ஒன் பேர்ல 'உல்லேன்'னு இருந்துச்சு. அத பாத்துட்டாங்க. பாடத்த அப்படியே நிறுத்திட்டு, 'ஆவுடைச்செல்வி தூக்கத்துல எழுதுனாலும் இந்தத் தப்பு வராது. இத எழுதுனது யாரு? அவ எங்க?'ன்னு கேட்டாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "என் பேர்ல 'உல்லேன்'னா போட்ட? கூறுகெட்டவளே! ஈருள்ளி ஈருள்ளின்னு அத்தன தடவ சொன்னேனே! ஊரு பூரா என்னைய என்னன்னு நெனைக்கும்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். இத்தனை நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி இது. ஒரு ல-வுக்காக.

நான் கத்திமுடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"என் பேருக்குச் சரியாத்தான் போடுதேன். நீ சொன்னதுலருந்து ஒருநாளும் தப்பல. ஒன் பேருக்கு மட்டுந்தான் தப்பா போட்டேன். வேணும்னேதான்."

"என்னத்துக்கு?"

"நீ போன எடுக்கல. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு ஒரே மெசேஜ காப்பி பண்ணி அனுப்புத. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வேற. நான் யார்ட்டயும் சொல்லல. தப்பா எழுதுனேன். அவ்வளவுதான். டீச்சருக்கு என்னைக்காவது கண்ணுல படும்னு டெய்லி எழுதுனேன். பாவி மனுஷி இன்னைக்குத்தான் பாத்தாங்க."

பிறகு மாஸ்க்கோடு அழ ஆரம்பித்தாள். "டெய்லி நீ இருக்கன்னு நாந்தாம்ட்டி எழுதுதேன். நீ இருக்கியா இல்லையான்னு எனக்கே தெரியல. பொய்ச்சாட்சி சொல்லுத மாதிரி இருக்கும்" என்றாள்.

சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. வராது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இதை இங்கேயும் எழுதிவிட வேண்டும். நேற்று நான் கிணற்றடியில் சும்மா உட்காரவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். நான் இல்லாவிட்டாலும் எல்லாம் நடக்கும், பள்ளிக்கூடத்தில்கூட ஆப்சென்ட் விழாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பூனை வந்து காலில் உரசியது. பையில் இருந்த இட்லியை அதற்கு எடுத்துப்போட எழுந்தேன். அப்படியே உள்ளே வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. பெனிட்டாவிடமும் இதைச் சொன்னேன்.

சொல்லும்போது லில்லி அத்தை படியில் நின்றிருந்திருக்கிறார். எப்போது இறங்கி வந்தார் என்று தெரியாது. மாடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தான் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். நீ அந்த டீச்சரம்மாட்டயும் ஆஸ்பத்திரிலயும் சொல்லு" என்று பெனிட்டாவை அனுப்பினார். சாயங்காலம் ஆள் பிடித்துக் கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுப் பூட்டியாகிவிட்டது. சாவி அத்தை இடுப்பில். இன்று பையில் வந்த சோற்றை நான் சாப்பிடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பூனைக்குத்தான் ஏமாற்றம்.

செப்டம்பர் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். போன் சார்ஜ் தீர்ந்து தலையணைக்கு அடியில் கிடந்திருக்கிறது.

காலையில் வகுப்புக்கு நானே போனேன். ஆ-வில் ஆரம்பிக்கிற பெயர் என்பதால் தப்பிக்க வழியில்லை, இரண்டாவதாகவே வந்துவிடும். டைப் அடிக்கக் கையை வைத்தேன். டீச்சர், "ஆவுடைச்செல்வி, நீ மட்டும் மைக்க திறந்து சொல்லு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசினார். மனநல டாக்டரம்மா ஒருவர் நாளைக்குப் போன் பண்ணுவாராம். "அவங்ககிட்ட நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிராத. அது எங்கிட்ட செல்லும், அவங்ககிட்ட செல்லாது" என்றார். வருகைப்பதிவில் அத்தனை நாளுக்கும் எனக்கும் பெனிட்டாவுக்கும் சேர்த்து ஆப்சென்ட் போட்டுவிட்டார். அவள் செய்த பாவத்துக்குக் கொஞ்சம்கூடச் சலுகை கிடையாது.

செப்டம்பர் 9, புதன்

டாக்டரம்மா பேசினார். நான் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அவசரமே படவில்லை. ஒரு மாத்திரை, வாரம் இரண்டு தரம் போன். இந்த டைரியில் இதுவரை விளம்பரம் வராத மாத்திரை.

சாயங்காலம் அம்மா.

"நல்லா இருக்கியாளா?"

உம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லம்மா. நான் நல்லா இல்ல."

அந்தப் பக்கம் ஆக்சிஜன் மாஸ்க்கை அவள் நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நானும் நல்லா இல்லளா. பயமா இருக்கு. ஒனக்குத் தெரிய வேண்டாம்னு பாத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றையும் சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒனக்காகத்தான் இங்க மூச்சு விட்டுட்டு கெடக்கேன். நீயும் விட்டுக்கிட்டிரு" என்றாள். சரி என்றேன்.

செப்டம்பர் 14, திங்கள்

ஸ்டிக்கரைக் கிழித்தாகிவிட்டது. 'உள்ளே' மட்டும் கேட்டில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

பெனிட்டா வந்து திண்டாடித் திண்டாடி என் தலைச்சிக்கை எடுத்தாள். இரண்டு சீப்பு உடைந்தது. கொஞ்சம் வெட்டவும் வேண்டியிருந்தது. வலித்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

இன்று ஒன்றுமே பிடிக்கவில்லை. படுத்தே கிடந்தேன். ஆனால் லீவு என்று நானே டீச்சருக்கு எழுதி அனுப்பினேன். சாப்பிட்டேன்.

செப்டம்பர் 19, சனி

அம்மா வந்துவிட்டாள். பாதியாகிவிட்டாள். இன்னும் ஒரு வாரம் பின்னறையில் தனியாகத்தான் இருக்க வேண்டும். மறுபடி ஸ்டூல், மறுபடி சுவர். லில்லி அத்தை படிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்து அதிலேயே எங்கள் துணியைக் காயப்போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 21, திங்கள்

காலையில் கண் விழித்தும் எழுந்திருக்கத் தோன்றாமல் கிடந்தேன். பின்னறைச் சுவரில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். போன் இல்லை, சுவர்தான்.

"ஆவுடைச்செல்வி!" என்று டீச்சர் மாதிரி முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் அம்மா. பெனிட்டா கதையை நான் போனில் சொன்னதிலிருந்து இதற்காகவே காத்திருந்திருக்கிறாள் போல.

நான் சுவரில் வாயை வைத்து, "உள்ளேன் அம்மா" என்றேன்.

இத்தனை வருஷமாக இதை டீச்சரிடம்தான் சொல்லியிருக்கிறேன். என் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

எழுந்து உட்கார்ந்தேன். பிறகு என் முறை. சுவரைத் தட்டி, "சண்முகக்கனி!" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. இருமல் சத்தம்கூட இல்லை. காதைச் சுவரோடு ஒட்டிவைத்தேன். சுண்ணாம்பு குளிர்ந்தது. இன்னொரு தரம் தட்டக் கையை ஓங்கினேன்.

கட்டில் கிறீச்சிட்டது. மூச்சு வாங்கும் சத்தம்.

"உள்ளேம்ளா" என்றாள் அம்மா. "தண்ணி குடிச்சிட்டிருந்தேன்."